செல்வத்துக்கும் ஒரு முத்தம்

பிரெஞ்சுக்காரர்கள் போய் ஆறேழு வருஷம் ஆகியிருக்கும். கோரிமேடு போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் ஓர் அக்காளும் தம்பியும் உட்கார்ந்திருந்தார்கள். தம்பியின் கையில் பழுப்பேறிய தபால் கார்டு ஒன்று இருந்தது.

"நம்ம அப்பாவுக்கு இன்னொரு புள்ள இருக்குதுக்கா," என்றான்.

எனக்குப் பின்சீட்டில் இருந்தவர்கள் பேச்சை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார்கள்.

"செத்துப்போனவர இப்படிப் பேசாதடா."

"அவரு பெட்டியிலதான் கெடந்துச்சு. பிரெஞ்சுப் பட்டாளத்துல சொல்தாவா சண்டைக்குப் போயிருந்தப்ப போட்டது. 'ரோசா, பிலிப்பு, செல்வம் மூணு பேருக்கும் அப்பாவின் முத்தங்கள்'னு எழுதியிருக்காரு. நீ ரோசா, நான் பிலிப்பு. செல்வம் யாரு? அதுக்கு மேல படிக்க எனக்கு மனசு வரல."

அக்காள் கார்டை வாங்கி மீதியைப் படித்தாள். "'செல்வத்தை மழையில் நனைய விடாதீர்கள். கொம்பு முளைத்துவிட்டதா?'ன்னு கேட்டிருக்காரு. நம்ம ஆட்டுக்குட்டிடா."

தம்பி பெருமூச்சு விட்டான். "எனக்கு ஞாபகமே இல்லியே."

"உனக்கு அப்ப அஞ்சு வயசு. அப்பா திரும்பி வந்த அன்னிக்கு அம்மா கறிக்கொழம்பு வச்சுது. மூணு தடவ கேட்டு வாங்கிச் சாப்ட்டாரு."

"அப்பறம்?"

"கையக் கழுவிட்டு, கொல்லப்பக்கம் போயி செல்வம், செல்வம்னு கூப்புட்டாரு."