குளிப்பாட்டிய மட்டை

வேன்ஸ்: என்ன பண்ணினீங்க?... இன்னொரு தடவை சொல்லுங்க.

வந்தவர்: குளிப்பாட்டினேன்.

வேன்ஸ்: பேஸ்பால் மட்டையை?

வந்தவர்: நேத்து காலையில. பாத்திரம் தேய்க்கிற சோப்பு, பச்சை நார், வெந்நீர். நிபுணர்கிட்ட கொண்டுபோறோம், பளிச்சுனு இருக்கட்டுமேன்னு...

மார்னி: அப்பா, உட்காருங்க. மூச்சை விடுங்க.

வேன்ஸ்: சார், பழைய மட்டை அசலான்னு நாங்க எதைப் பார்த்துச் சொல்றோம்? அழுக்கைப் பார்த்து! பிடி வழுக்காம இருக்கப் பூசின தார், மைதானத்து மண்ணு, புகையிலை எச்சில்... சேகரிக்கிறவங்க அதையெல்லாம் தொட்டுக் கும்பிடுவாங்க. நீங்க சாக்கடையில விட்டுட்டு வந்து நிக்கிறீங்க.

வந்தவர்: எச்சிலைக் கூடவா?

மார்னி: போன மாசம் ஒருத்தர் முத்தமே கொடுத்தார்.

வந்தவர்: அடக் கடவுளே. என் பொண்டாட்டி அப்பவே சொன்னா. ‘நாப்பது வருஷத்துல ஒரு தட்டு கழுவினதில்ல, இதைப் போய்க் கழுவுறீங்களே’ன்னு.

வேன்ஸ்: எடையைப் பாரு, மார்னி.

மார்னி: முப்பத்தஞ்சு அவுன்ஸ்... மட்டை காயக் காய எடை குறையணும். இது நல்லாக் குடிச்சிருக்கு!

வேன்ஸ்: ஜன்னல் காத்துல தாளெல்லாம் பறக்குது பாரு. அந்தப் பந்தை எடுத்து மேல வை... ம். இது உங்களுக்கு எப்படிக் கிடைச்சது சார்?

வந்தவர்: பக்கத்து வீட்டுல பழைய சாமான் வித்தாங்க.

வேன்ஸ்: ஓ. பக்கத்து வீட்டுல.

வந்தவர்: ஆமா... யாரோ ஆர்லோ டிட்மராம். எழுபத்துநாலுல இந்த டவென்போர்ட் டீம்ல ஆடினவன். வாழ்க்கையில ஒரே ஒரு தடவை பந்தை வேலி தாண்ட அடிச்சு ஹோம் ரன் எடுத்தான், அதுவும் இந்த மட்டையால. இன்னிக்குச் சாயங்காலம் பழைய ஆட்டக்காரங்க விருந்து. அசல்னு உங்க கையெழுத்து இருந்தா சுவர்ல மாட்டுவாங்க.

வேன்ஸ்: டிட்மர்... பெரிய ஆட்டக்காரனோ?

வந்தவர்: சேச்சே, தண்டம். நிக்கிற பஸ்ஸைக்கூட அடிக்கத் தெரியாது.

மார்னி: ஹோம் ரன் அடிச்சாரே?

வந்தவர்: அங்கதாம்மா வம்பு. அன்னிக்குக் காலையிலதான் அவனை டீமை விட்டுத் தூக்கினாங்க. போற பையன் கடைசியா ஒரு தடவை ஆடிட்டுப் போகட்டும்னு இறக்கிவிட்டாங்க. பந்து எறிஞ்சவனும் பாவம் பார்த்துத் தட்டுல வச்சு நீட்டினான்னு, டிட்மரோட மச்சினன் நாப்பத்தஞ்சு வருஷமாச் சொல்லிக்கிட்டிருக்கான். கிறிஸ்துமஸுக்கு ஒரு தடவை, ஈஸ்டருக்கு ஒரு தடவை... ஏன் சார், அடி அசலா ஓசியான்னும் உங்க சான்றுல எழுதுவீங்களா?

வேன்ஸ்: நாங்க மட்டைக்குத்தான் எழுதுவோம்.

வந்தவர்: அது சரி... சும்மா கேட்டேன்.

மார்னி: அப்பா, பந்துத் தையல் பதிஞ்சிருக்கு. கம்பெனி முத்திரைக்கு இந்தப் பக்கம். அப்படின்னா இடதுகை ஆட்டக்காரர். சார், நீங்க காபியை எந்தக் கையில பிடிச்சிருக்கீங்க?

வந்தவர்: இதுவா... வலது கையில சுளுக்கு.

மார்னி: அய்யோ, பிடியைப் பாருங்க! எலி கடிச்சிருக்கு.

வேன்ஸ்: எலி இல்ல. ஆள். ஆடப் போறதுக்கு முன்னாடி பயத்துல கடிக்கிறது. சோப்பால அதை ஒண்ணும் பண்ண முடியாது.

மார்னி: முன்பல் ரெண்டுக்கும் நடுவுல என்னா சந்து! பென்சிலே போகும்... சார், ஏன் திடீர்னு வாயை மூடிட்டீங்க?

வந்தவர்: ம்ஹும்.

மார்னி: கொஞ்சம் சிரிங்களேன்.

வந்தவர்: ம்ம்ம்.

வேன்ஸ்: விடு மார்னி. அந்த டிட்மர் ஓடின ஓட்டம் ஞாபகம் வருது. ஹோம் ரன் அடிச்சவன் நாலு பேஸையும் நடந்தே சுத்தி வரலாம். இவன் போலீஸ் துரத்துற மாதிரி ஓடினான். ஒரு ஷூ கழண்டு மூணாவது பேஸ்லயே நின்னுடுச்சு. ஆள் மட்டும் வந்து சேர்ந்தான்.

வந்தவர்: ம்... ம்ஹ... ஹஹ்ஹா! ரெண்டாவது! ரெண்டாவது பேஸ்லதான்யா ஷூ...

மார்னி: பல்லு! அப்பா, சந்து! அப்படியே பொருந்துது!

வேன்ஸ்: நீ உள்ள நுழையும்போதே தெரியும்டா டிட்மர்.

டிட்மர்: தெரியுமா? அப்புறம் எதுக்குடா சார் சார்னே?

வேன்ஸ்: பக்கத்து வீட்டுல வாங்கினேன்னியே. எவ்வளவு தூரம்தான் போறேன்னு பார்த்தேன்.

மார்னி: இருங்க, இருங்க. உங்களுக்குள்ள எப்படிப் பழக்கம்?

டிட்மர்: அந்தப் பந்தை எறிஞ்சதே உங்கப்பன்தாம்மா.

மார்னி: அப்பா! ஒருத்தனுக்கும் ஹோம் ரன் கொடுத்ததில்லைன்னு சொல்வீங்களே!

வேன்ஸ்: ஒண்ணு விட்டுப்போச்சு.

டிட்மர்: வேன்ஸ்... சான்றும் வேணாம், சுவரும் வேணாம். போர்டுல உன் பேரைப் பார்த்துட்டுத்தான் வந்தேன். மூணு தடவை வாசல் வரைக்கும் வந்து திரும்பியிருக்கேன். எறியறதுக்கு முன்னாடி நீ சிரிச்சே. நான் பார்த்தேன்.

வேன்ஸ்: மட்டையை சோளக்கதிர் மாதிரி கடிச்சுக்கிட்டு நின்னா எவன் சிரிக்க மாட்டான்?

டிட்மர்: மழுப்பாதே. நேரா சொல்லு. பிச்சை போட்டியா, இல்லையா?

வேன்ஸ்: மார்னி, தாள் மேல இருக்கே பந்து, அதை அவன்கிட்ட கொடு.

மார்னி: இதையா? நான் பிறந்ததுலேருந்து இங்கயேதான் கிடக்கு... கறுப்பா ஏதோ அப்பியிருக்கு.

வேன்ஸ்: தார். பிடிக்குப் பூசுடான்னா மட்டை முழுக்க ஜாம் மாதிரி அப்பிக்குவான். மட்டையில இருந்ததை வெந்நீர் ஊத்திக் கழுவிட்டான். நான் பந்தைக் கழுவல.

டிட்மர்: இது... அந்தப் பந்தா? வேலிக்கு அந்தப் பக்கம் சோளக்காட்டுல போய் விழுந்துச்சேடா!

வேன்ஸ்: அன்னிக்குப் பெரிய லீக்லேருந்து என்னை எடுக்கலாமான்னு பார்க்க ஆள் வந்திருந்தான். அவன் முன்னாடி உன்னை அவுட்டாக்கிடணும்னு, என்கிட்ட இருந்ததுலயே நல்ல பந்தை வீசினேன். அது வேலி தாண்டிப் பறந்துச்சு, வந்த ஆள் எழுந்து போயிட்டான். ஆட்டம் முடிஞ்சதும் ரெண்டு மணி நேரம் முட்டி தேயத் தவழ்ந்து தேடினேன்... இல்லடா, மடையா. பிச்சை போட்டவன் எவனாவது போட்ட காசைத் தேடிக்கிட்டுச் சோளக்காட்டுல தவழ்வானா?