பிரித்தவர் உள்ளேயே இருக்க வேண்டும்

நாவலூர் தண்ணீர் எனக்கு இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை சார். அதில் டீ போட்டால் டீ மாதிரியே இருப்பதில்லை. நான் தென்காசிப் பக்கம். இங்கே பேச ஆள் கிடையாது. அதனால் எதையாவது படித்துக்கொண்டே இருப்பேன். கம்பெனி கொடுத்த பாதுகாப்புப் புத்தகத்தைக்கூட நான் கதைப் புத்தகம் மாதிரித்தான் படித்தேன்.

அங்கே தபால் பகுதிக்கு நான் சூப்பர்வைசர். தபால் அறை கீழ்த்தளத்தில் இருக்கிறது. ஜன்னல் இல்லை, கண்ணாடிக் கதவு. உள்ளே உட்கார்ந்து உறைகளைப் பிரித்தவன் கேசவன், திருவிடந்தைக்காரன்.

சந்தேகமான தபாலை எப்படிக் கையாள்வது என்று மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு ரிசார்ட்டில் பயிற்சி வைத்தார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரும் கடலைப் பார்க்கப் போய்விட்டார்கள். கடைசி வரை இருந்தது நான் ஒருவன்தான். அனுப்பியவர் பெயர் இல்லாத உறை, பொடி சிந்தும் உறை, இவற்றைக் குலுக்கக் கூடாது, முகரக் கூடாது. பொடி கொட்டிவிட்டால் ஏ.சி.யை நிறுத்திக் கதவைச் சாத்த வேண்டும். பிரித்தவர் உள்ளேயே இருக்க வேண்டும். வேறு யாரும் உள்ளே போகக் கூடாது. உடனே போலீசுக்குச் சொல்ல வேண்டும்.

இதையெல்லாம் பிரிண்ட் எடுத்து ஒட்டினேன். அதன்மேலேயே யாரோ பிரியாணிக்கடை நோட்டீசை ஒட்டினார்கள். மேனேஜரிடம் சொன்னேன். “நமக்கெல்லாம் யாருங்க விஷம் அனுப்பப் போறாங்க? அவ்ளோ பெரிய ஆளா நாம?” என்று சிரித்தார். கையுறை வாங்கி வைத்தேன். கேசவன் அதை மாட்டிக்கொண்டு மீன்குழம்பு டப்பாவைக் கழுவினான்.

ஊழியர்களுக்குக் கோயில் பிரசாதம் தபாலில் வரும். பொட்டலம் கிழிந்து விபூதி சிந்தியிருக்கும். கேசவன் அதைத் தொட்டு நெற்றியில் பூசிக்கொண்டுதான் மறுவேலை பார்ப்பான். எந்த வெள்ளைப் பொடியும் அவனுக்கு விபூதிதான். எத்தனை தடவை சொல்வது?

அந்தச் செவ்வாய்க்கிழமையும் ஒரு உறை வந்தது. அனுப்பியவர் பெயர் இல்லை. மூலையில் வெள்ளையாகப் பொடி. “பேரில்லாத கவர் கேசவா, பிரிச்சிராத” என்று சொல்லித்தான் அவன் மேஜையில் வைத்தேன். டீ குடித்துவிட்டு வருவதற்குள் பிரித்துவிட்டான். நெற்றி நிறையப் பட்டை. விரலில் மிச்சத்தோடு ரிசப்ஷன் வரைக்கும் வந்தான்.

“இன்னா அண்ணாத்த, சாமி துன்னூறுக்குப் போய் டர்ராவுற? குனி, உனக்கும் இட்டு வுடறேன். பயம் தெளிஞ்சிடும்.”

ரிசப்ஷனில் இருந்த ரேணுகா சிரித்தாள். நானும் சிரித்தேன். அவன் அறைக்குத் திரும்பியதும் கதவைப் பூட்டினேன். ஏ.சி.யை நிறுத்தினேன்.

அவனுக்கு முதலில் வேடிக்கையாகத்தான் இருந்தது. “மத்தியானம் சோறாவது உள்ள தள்ளுவியா?” என்று கேட்டான். கண்ணாடியில் மூக்கை அழுத்திக் காட்டினான். கொஞ்ச நேரம் கழித்து இரும ஆரம்பித்தான்.

அவனுக்கு இழுப்பு உண்டு சார். பிரிண்டருக்கு டோனர் மாற்றினாலே மூச்சு வாங்கும். அது எனக்குத் தெரியும். இன்ஹேலர் இருந்த பை வெளியே ரேணுகாவின் மேஜைக்குக் கீழே இருந்தது. அவள் அதைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள்.

“அவனுக்கு இழுக்குதுண்ணா. பம்ப்ப மட்டும் குடுத்துட்றேன். கதவத் தொறண்ணா.”

“தொறந்தா பொடி எல்லாரு மூக்குலயும் ஏறும்மா.”

“இன்னா பேசற நீ? அவன் செத்துடுவான்.”

“போலீசுக்குச் சொல்லியாச்சு. ஆம்புலன்சும் வந்துட்டு இருக்கு. நீ எல்லாரையும் வெளிய கூட்டிட்டுப் போ.”

அவள் நம்பினாள். எல்லோரும் வெளியே போய் பார்க்கிங்கில் வெயிலில் வரிசையாக நின்றார்கள். நான் சொல்லி அந்தக் கம்பெனியில் ஒரு காரியம் நடந்தது அன்றைக்குத்தான். மேனேஜர் வாசலில் நின்றபடி, “அடுத்து நாங்க என்ன பண்ணணும், சொல்லுங்க” என்று கேட்டார். அது எனக்குப் பிடித்திருந்தது. அதை மறைக்க மாட்டேன்.

கேசவன் கண்ணாடியைத் தட்டினான். “அண்ணாத்த, பம்ப்பு” என்றான். பதறாமல் மெதுவாக மூச்சு விடச் சொன்னேன். புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது. பிறகு தட்டவில்லை. கதவில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான்.

ஆம்புலன்ஸ் வரவில்லையே என்று ரேணுகா தானே போன் செய்திருக்கிறாள். அந்த விலாசத்திலிருந்து யாரும் கூப்பிடவில்லை என்றார்களாம். அவள் ஓடிவந்து தீயணைப்பு சிலிண்டரால் கண்ணாடியை உடைத்தாள். அதற்குள் அவன் போய்விட்டான்.

ஏன் யாருக்கும் போன் செய்யவில்லை என்று நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். சொல்லிவிடுகிறேன். அந்த உறையை அவன் மேஜையில் வைப்பதற்கு முன்பே நான் முகர்ந்து பார்த்துவிட்டேன். விபூதிதான். விபூதி என்று தெரிந்துகொண்டே உங்களை எப்படிக் கூப்பிடுவது? பொய்த் தகவல் கொடுத்து யாரையும் அலைக்கழிக்கக் கூடாது என்றும் அந்தப் புத்தகத்தில் இருக்கிறது சார்.