கண்ணாயி வைத்த மிளகுக் கொடி

தலைமை ஏற்று வீற்றிருக்கும் ஊர்ப் பெரியவர் பழனிமுத்து அவர்களே, எங்களுக்குச் சட்டம் விளக்க மலையேறி வந்திருக்கும் வழக்கறிஞர் அர்த்தனாரி அவர்களே, மண்வெட்டி பிடித்த இந்தக் கிழக் கையில் பேனாவைக் கொடுத்த ஆசிரியை கவிதா அவர்களே, வளப்பூர் நாட்டுப் பெரியோர்களே, மரவள்ளிக் காட்டு வேலையைப் போட்டுவிட்டு வந்து முன்வரிசையை நிறைத்திருக்கும் தாய்மார்களே, உங்கள் எல்லோருக்கும் மாணிக்கத்தின் மனம் நிறைந்த வணக்கம்.

இந்தப் பேச்சை நானே எழுதி வந்திருக்கிறேன். மெதுவாகத்தான் வாசிப்பேன். பின்னால் யாரோ, "பஸ்ஸு போயிருமுங்க" என்கிறார்கள். போகாது சாமி, டிரைவரும் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்.

கொடுப்பது நமக்குப் புதிதா? கேட்டவருக்கும் கொடுத்த மலை இது. கேளாதவருக்கும் கொடுத்த மலை இது. ஆனால் கொடுத்தது நிலைத்ததா?

நம் காளியண்ணன், பால்வாடிக்குப் பக்கத்தில் நின்ற தன் பலா மரத்தைக் காட்டி, இதன் பழமெல்லாம் பிள்ளைகளுக்கு என்று ஊர் நடுவே வாயாரச் சொன்னார். அவர் இருந்தவரை பிள்ளைகள் சுளை தின்றார்கள். அவர் போனார், மரம் பேரன்களுக்கு வந்தது, மர வியாபாரியின் லாரியும் வந்தது. பேரன்களைக் குற்றம் சொல்லலாமா? வெளியூரில் வளர்ந்தவர்கள். தாத்தாவின் சொல் அவர்கள் காதுக்கு எட்டவே இல்லை. மனம் இருந்தது, மரம் இருந்தது, பத்திரம் மட்டும் இல்லை.

அதனால்தான் எங்கள் மிளகுத் தோட்டத்தை ஓர் அறக்கட்டளைக்கு எழுதிவைக்க நினைத்தேன். எதற்காக? பிரசவ வலி எடுத்த பெண்ணை, பாம்பு கடித்த பிள்ளையை, இத்தனை வளைவுகளைத் தாண்டிக் கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்ல ஊருக்கென்று ஒரு ஜீப் வேண்டாமா? மேலே விளையும் மிளகு, கீழே விரையும் உயிரைக் காக்க வேண்டாமா?

வீடும் மரவள்ளிக் காடும் மகன் தனபாலுக்கு என்று உயில் எழுதியாயிற்று. ஆனாலும் அவனுக்கு ஒரு சந்தேகம். நடத்துகிறவர்கள் நாளைக்குத் தோட்டத்தை விற்றுவிட்டால் என்ன செய்வது என்று கேட்டான். விற்கக் கூடாது, ஆண்டுதோறும் கணக்கை ஊர்முன் வாசிக்க வேண்டும் என்று பத்திரத்திலேயே எழுதலாம் என்றார் வழக்கறிஞர். அவன் முகம் தெளிந்தது. ஆனால் எழுதிக் கொடுத்தால் திரும்பப் பெற முடியாது, யோசித்துச் செய்யுங்கள் என்றும் அவர் சொன்னார்.

யோசித்தாயிற்று என்று வீட்டுக்குப் போய் என் மனைவி கண்ணாயியிடம் சொன்னேன். பட்டா எங்கள் இருவர் பெயரிலும் இருக்கிறது. கண்ணாயி கையெழுத்து இல்லாமல் பத்திரம் இல்லை. அடுப்பை ஊதிக்கொண்டே அவள் கேட்டாள்:

"கொடி வெச்சது நானுங்க. கொடத்துல தண்ணி சொமந்து உசுரு குடுத்தது நானுங்க. குடுக்கறதுன்னா மட்டும் நீங்க ஒருத்தரா? நாளைக்கு நான் படுத்துட்டா மாத்திரைக்கு யாருகிட்டக் கையேந்தறது?"

தாய்மார்கள் சிரிக்கிறீர்கள். எனக்கு அன்று சிரிப்பு வரவில்லை.

மறுபடியும் வழக்கறிஞரிடம் போனோம், இந்த முறை இருவருமாக. எங்களில் ஒருவர் உயிரோடு இருக்கும்வரை விளைச்சலில் ஒரு பங்கு எங்கள் சோற்றுக்கும் மருந்துக்கும்; மீதி ஜீப்புக்கு. எங்களுக்குப் பின் முழுவதும் ஜீப்புக்கே. அறக்கட்டளையை நடத்துவோரில் முதல் பெயர் கண்ணாயி.

அப்போதும் அவள் ஒன்று கேட்டாள். கொடி வைத்தது யார் என்று நாடு கூடிய இடத்தில் நான் சொல்ல வேண்டும். சொன்ன பிறகே கையெழுத்து. இந்த மேடையில் நான் ஏறிய காரணம் அதுதான்.

கொடை என்றால் என்ன பெரியோர்களே? யார் உழைப்பைக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுப்பது கொடை. வீட்டில் இருப்பவர் வாடாமல் கொடுப்பது கொடை. நாம் போன பின்னும் நிற்கும்படி கொடுப்பது கொடை.

அந்தத் தோட்டத்தில் ஒவ்வொரு கொடியையும் வைத்தவள் கண்ணாயி. நான் பறித்தவன், அவள் படைத்தவள்.

கண்ணாயி, சொல்லிவிட்டேன். நாளைக்குப் பதிவு ஆபீசுக்கு வருவாயா?

அதோ எழுந்து நிற்கிறாள். கேட்டீர்களா, என்ன சொல்கிறாள் என்று?

"மொத பஸ்ஸுக்கே வாரேனுங்க. நீங்க பேசி முடிச்சாத்தான ஊடு போயிப் படுக்க முடியும்."

இதோ முடித்துவிட்டேன். பொறுத்துக் கேட்ட உங்களுக்கும், கொடி வைத்த கைக்கும் என் நன்றி. காத்திருக்கும் டிரைவர் உட்பட எல்லோருக்கும் வணக்கம்.