எந்தக் காது

— மறுபடியும் கேக்கறேன், பான்ஜோகோ அப்பா. எந்தக் காது?

— இதக் கேக்கவா மில்லுக்கு வந்த, அபேகே? வெளிய மிளகா அரைக்க ஆளு நிக்குது பாரு.

— யாரும் நிக்கல. எல்லாரையும் சாயங்காலம் வாங்கன்னு அனுப்பிட்டுத்தான் உள்ள வந்தேன். நம்ம கொகுமோ செத்தன்னிக்கு, திரும்பி வந்தா அடையாளம் தெரியணும்னு, பொதைக்கறதுக்கு முன்னாடி, உங்க அக்கா பிளேடால எந்தக் காத வெட்டினாங்க?

— வலது காது. எத்தன தடவ சொல்லியிருக்கேன். நம்ம பான்ஜோகோவும் வலது காதுல அதே வெட்டோட பொறந்தா. போனவளே திரும்பி வந்துட்டான்னு ஊரே வந்து பாத்துட்டுப் போச்சு.

— இன்னிக்குச் சந்தையில உங்க அக்காவப் பாத்தேன். இடது காதுங்கறாங்க. எல்லாரும் சந்தோசமா இருக்கும்போது எதுக்குன்னு அப்பச் சொல்லலையாம்.

— அக்காவுக்கு வயசாச்சு. போன வாரம் என்னையே எங்கப்பா பேரு சொல்லிக் கூப்பிட்டா.

— பேரு மறக்கலாம். செத்த பிள்ளைய மடியில போட்டு வெட்டின காது மறக்குமா?

— அவ சொல்றதுதான் சரின்னு உனக்கெப்படித் தெரியும்? நீ பாத்தியா?

— பெத்தவ பாக்கக்கூடாதுன்னு என்னைய உள்ள வச்சுப் பூட்டினது யாரு?

— கேளு இங்க. ஆறேழு வருசமாச்சு. இப்ப எதுக்கு அதெல்லாம்?

— நாளைக்குக் குறிசொல்லி வர்றாரு, அதுக்குத்தான். பிள்ளைக்கு மூணு நாளாக் காய்ச்சல். இரோக்கோ மரத்தடியில தனியா உக்காந்து யார்கிட்டயோ சிரிச்சுப் பேசுது. அந்தப் பக்கத்து ஆவிக் கூட்டாளிங்க கூப்பிடுறாங்கன்னு அவரே சொல்லிட்டாரு. இன்னும் ஒரு வெட்டுப் போட்டா அவங்க இவளச் சேத்துக்க மாட்டாங்களாம், இங்கயே தங்கிருவாளாம். நீங்க மட்டும் வேண்டாம் வேண்டாம்ங்கறீங்க.

— அஞ்சு வயசுப் பிள்ள தனியாப் பேசத்தான் செய்யும். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவோம்.

— பிள்ள தங்கறதுல உங்களுக்கு இஷ்டமில்லையா? ஓயோ டவுனுக்கு மாசம் ரெண்டு தடவ போறீங்க. அங்க எவளாவது பெத்துத் தர்றேன்னு சொல்லியிருக்காளா?

— மில்லுக்குப் பெல்ட்டு வாங்கப் போறேன் தாயி. அந்தப் பெல்ட்டு மேல சத்தியமா.

— சிரிக்க வைக்காதீங்க. மூஞ்சப் பாத்துச் சொல்லுங்க. ஏன் வேண்டாம்?

— பிள்ள மேல இன்னொரு பிளேடு படக்கூடாது. அதான்.

— இன்னொருன்னா? மொதல் பிளேடு செத்த உடம்புலதானே பட்டுச்சு? பான்ஜோகோ மேல எப்பப் பட்டுச்சு?

— அவ பொறந்தப்ப நீ எப்படியிருந்தேன்னு ஞாபகம் இருக்கா? சுவரப் பாத்துத் திரும்பிப் படுத்துட்ட. ரெண்டு நாளு. இதுவும் போற பிள்ளதான், இதுக்கெதுக்குப் பாலுன்னுட்ட. அவ அழுகை பூனைக்குட்டிச் சத்தமாட்டம் சின்னதாயிட்டே வந்துச்சு.

— ம்.

— போனவளே வந்துட்டா, அடையாளத்தோட வந்தவ இனிமே போகமாட்டான்னு தெரிஞ்சா நீ எடுப்பன்னு தோணுச்சு. குளிப்பாட்டறேன்னு பின்னால தூக்கிட்டுப் போனேன். எந்தக் காதுன்னு அக்காகிட்டக் கேக்க முடியுமா? சவரம் பண்ற பிளேடு. ஒரே இழுப்பு. அவ கத்தக்கூட இல்ல.

— துணியில ரத்தம் இருந்துச்சே. தொப்புள்ள இருந்து வருதுன்னீங்க.

— சொன்னேன். அப்புறம் காதக் காட்டினேன். நீ வாரி எடுத்து மார்ல போட்டுக்கிட்ட. அபேகே, அடிக்கணும்னா அடி.

— அப்ப நம்ம மூத்தது அலாபி?

— அலாபிக்கென்ன?

— அலாபி போயித்தான் மலோமோவா வந்துச்சுன்னாங்க. மலோமோ போயித்தான் கொகுமோவா வந்துச்சுன்னாங்க. போகாதேன்னு மலோமோ, இனிமே சாகாதேன்னு கொகுமோ, கூட உக்காருன்னு பான்ஜோகோ. ஒரே பிள்ளைகிட்டக் கெஞ்சறதா நெனச்சுத்தானே பேரு வச்சோம்.

— ஊரு சொல்லுச்சு, நம்புனோம். மெய்யா பொய்யா எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிஞ்சது அந்தக் காது ஒண்ணுதான்.

— அந்தக் காத வச்சுத்தான் நான் மத்ததையெல்லாம் நம்பினேன். நம்மள ஏய்க்கறதுக்குன்னே போறதும் வர்றதுமா இருக்குன்னு. கொகுமோ கண்ண மூடினப்ப திட்டினேன். போடி, நீ எப்படியும் வருவேன்னு சொன்னேன்.

— அழுதா அதுக்குக் கொண்டாட்டம்னு உன்ன அழவிடல.

— மூணு பேருக்கும் அழல.

— குறிசொல்லிகிட்ட என்ன சொல்ல?

— வரவேண்டாம்னு சொல்லுங்க. பிள்ளைய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போவோம்.

— சரி. வண்டிய எடுக்கறேன், கிளம்பு.

— வர்ற வழியில காட்டுப் பக்கம் நிறுத்துங்க. அலாபிய எங்க பொதைச்சீங்க, மலோமோவ எங்க, கொகுமோவ எங்க, தனித்தனியாக் காட்டுங்க. எனக்கு நாலு பிள்ளைங்க.