பேனியின் பெயரில் நான் எழுதிய கடிதங்கள்

தலைமை ஏற்றிருக்கும் ஊர்த்தலைவர் அவர்களே, தூணுக்கொருவராய்ச் சாய்ந்தமர்ந்திருக்கும் குடித்தலைவர்களே, பாதிரியார் ஐயா அவர்களே, மகளிர் குழுவின் தாய்மார்களே, உங்கள் அனைவருக்கும் பள்ளி மாணவி சியெனியின் பணிவான வணக்கம்.

மக்கெரித்தா, லோசா என்னும் சகோதரிகளை அறியாதவர் இந்தச் சமோவா தீவுக் கிராமத்தில் யார்? தம்பி பேனியைக் கடல் கொண்டு பதினோரு ஆண்டுகள். அவன் வருவான் என்று மூத்தவள் நம்பினாள், இளையவளும் நம்பினாள். ஒரே நோய், ஒரே பாய், பிட்டுப் பகிர்ந்த ஒரே சேம்பங்கிழங்கு. அந்த நம்பிக்கை யாரைக் காயப்படுத்தியது?

மனநோயை ஆராயக் கடல் கடந்து வந்த டாக்டர் ஹாலோவே சொன்னார்: "ஒருத்திய இன்னொருத்தி தாங்குறா. பிரிச்சுப் பாத்தாத்தான் நோய் யாருக்குன்னு தெரியும்."

பேனி எழுதியதுபோல் கடிதங்கள் வேண்டும் என்றார். நம்மோடு அமர்ந்து காவா வேர்ப்பானம் குடித்த விருந்தினரிடம் மறுப்புச் சொல்ல நமக்கு நா எழவில்லை. எல்லோரும் தலையசைத்தோம். அந்த இருவரை மட்டும் எவரும் கேட்கவில்லை. கடிதங்களை எழுதிய கை, இந்தக் கை.

ஆம், அம்மா, நானேதான். "உக்காருடி" என்கிறீர்கள். சொல்லி முடித்துவிட்டு உட்காருகிறேன்.

முதல் கடிதத்தில் நலம் கேட்டேன். இரண்டாவதில், "மூத்த அக்காவை மட்டும் அழைத்துப்போக வருவேன்" என்று எழுதினேன். படித்துக் காட்டியவளும் நானே.

மூத்தவள் மக்கெரித்தா தங்கையைப் பார்த்துச் சிரித்தாள். "நாள் பூரா நச்சரிச்சா எவன்டி கூட்டிட்டுப் போவான்?" என்று பாயைத் தனியே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

லோசா என்னிடம் வந்தாள். "நீ படிச்ச பொண்ணு, சியெனி. எம்பேரு கீழ எங்கயாச்சும் இருக்கும். இன்னொரு தடவ பாரேன்."

நான்கு நாள்களாக அவள் வாயில் ஒரு பருக்கை இல்லை. டாக்டரோ, "இன்னும் ஒரே ஒரு கடிதம், கண்ணு" என்கிறார்.

நோயை அறிய நோயாளியை நொறுக்கலாமா? அறிவு வளர ஒருத்தி அழியலாமா? எழுதமாட்டேன், டாக்டர் ஐயா.

எழுதாமல் இருந்தால் மட்டும் போதுமா? கொலைப்பழி வந்தாலும் குடித்தலைவர்களே பாய் போர்த்திக்கொண்டு, பாதிக்கப்பட்டவர் மன்னித்துப் பாயை விலக்கும்வரை அவர் வாசலில் தலைகுனிந்து அமரும் ஊர் இது. மனம் பேதலித்த இருவருக்கு அந்த மரியாதை கிடையாதா?

நாளை விடியலில் பாய் போர்த்திக்கொண்டு லோசாவின் வாசலில் அமர்வேன். அவள் பாயை விலக்கினால் சொல்வேன்: "பேனி உன்ன ஒதுக்கல, அத்தே. ஒதுக்கினது நாங்க."

குடித்தலைவர்களே, அந்தப் பாய் பெரியது. என் ஒருத்திக்கு அது மிக அதிகம்.

சிறியவள் சொல்லுக்குச் செவி தந்த சபைக்கு என் நன்றி. வணக்கம்.