ஊறவைக்காத கருவாடு

உயில் எழுதுவது செலவு பிடித்த காரியம் என்று பலர் அதைத் தள்ளிப்போடுகிறார்கள். அப்படி ஒன்றுமில்லை. ஒரு வெள்ளைத்தாள், ஒரு பேனா, சாட்சிக்கு இரண்டு பேர் இருந்தால் போதும். முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை. சாட்சிகளுக்கு டீ கொடுப்பதும் கொடுக்காததும் நம் விருப்பம். கல்யாணத்துக்கு முன்பு எங்கள் தீவின் அபர்டீன் பஜாரில் ஒரு வக்கீல் ஆபீசில் டைப் அடித்துக்கொண்டிருந்தவள் நான். குடும்பம் சண்டையில்லாமல் இருக்க உயில் எழுதிவையுங்கள் என்று என் மாமனார் மத்தியாஸிடம் சொன்னதும் நான்தான்.

மாமாவுக்குச் சொத்து என்று இருந்தது குட்வில் எஸ்டேட் என்ற பகுதியில் நாங்கள் குடியிருக்கும் வீடு மட்டும். குமரிக் கரையிலிருந்து கப்பலேறி வந்து, மீன்பிடித்துச் சம்பாதித்துக் கட்டியது. மூத்த மகன் என் வீட்டுக்காரர், அரசாங்க ஆபீசில் கிளார்க். இளையவன் டெர்வின், அப்பாவோடு கடலுக்குப் போய்ப் பழகியவன். மனைவி சகாயசெல்வியோடு ஜங்லிகாட்டில் வாடகைக்கு இருந்தான். "சின்னவனுக்குத்தான் ஒண்ணும் இல்ல, பாவம்" என்று மாமா சாப்பிட உட்காரும்போதெல்லாம் சொல்லுவார். சாப்பாடு போடுகிறவள் காதில் அது எப்படி விழும் என்று அவர் யோசித்ததில்லை.

வீடு டெர்வினுக்குப் போனால் நானும் என் வீட்டுக்காரரும் பெட்டியைத் தூக்க வேண்டியதுதான். கொல்லையில் நான் வைத்த பாக்கு மரங்கள் அப்போதுதான் காய்க்கத் தொடங்கியிருந்தன. எனக்கு அந்த வீட்டின் மேல் கொள்ளை ஆசை, அதை மறைப்பானேன்.

மாமாவுக்கு இதயம் பலவீனம், உப்பு அறவே கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சகாயசெல்வி நேராக என் சமையலறைக்கு வந்து ஊறுகாய் ஜாடியைத் திறந்து பார்ப்பாள்.

"அக்கா, மாமா கண்ணுல கருவாட்டக் காட்டிராதீங்க. உசுருக்கு ஆபத்தாக்கும்."

நல்ல பெண். மாமாவுக்கு அவளைப் பிடிக்காமல் போனதற்கு அதுதான் காரணம். அவள் படியிறங்கியதும் என்னைப் பார்ப்பார்.

"மக்ளே, ஒரு துண்டு சீலாக் கருவாடு சுட்டுத் தா. டாக்டர் கெடக்கான்."

கொடுத்தேன். உயிலுக்குச் சம்மதிக்க வைக்க வேண்டுமே, இல்லாவிட்டால் உயிரோடு இருக்கும்போதே வீட்டைச் சின்னவன் பேருக்கு மாற்றிவிடுவார். அப்போதெல்லாம் தண்ணீரில் நன்றாக ஊறவைத்து, உப்பை இறக்கிவிட்டுத்தான் சுட்டேன். எப்போதாவது ஒரு துண்டு. பாவமாகவும் இருந்தது.

சாட்சிக்கு யாரைக் கூப்பிடுவது என்ற பேச்சு வந்தபோது பக்கத்து வீட்டுச் சொக்கலிங்கம் அண்ணாச்சி இருந்தார். பஜாரில் பாத்திரக்கடை வைத்திருப்பவர், எல்லாவற்றுக்கும் யோசனை வைத்திருப்பவர்.

"நான் எழுதுனப்ப என் ரெண்டு பசங்களையுமே சாட்சியா கையெழுத்துப் போட வச்சிட்டேன், மத்தியாஸ் அண்ணே. நாளைக்கு எவனும் எனக்குத் தெரியாதுன்னு சொல்ல முடியாது. கோயி டென்ஷன் நஹி, ஒரு கவலையும் இல்ல."

அவர் சொன்னது அவருக்குச் சரி. இந்துக்கள் உயிலில் அதனால் குறை வராது. எங்களுக்கு அப்படியில்லை. கிறிஸ்தவர் எழுதும் உயிலில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவருக்கோ, அவருடைய கணவன் மனைவிக்கோ எதை எழுதிவைத்தாலும் அது செல்லாது. உயிலே இல்லாததுபோல அந்தச் சொத்து பிள்ளைகளுக்குச் சமமாகப் பிரிந்துவிடும். நான் அண்ணாச்சியைத் திருத்தவில்லை. பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசுவது எனக்குப் பழக்கமில்லை.

டெர்வின் சாட்சியாகிவிட்டால் மாமா வீட்டை அவனுக்கு எழுதினாலும் சரி, சகாயசெல்விக்கு எழுதினாலும் சரி, செல்லாது. எங்களுக்குப் பாதி வந்துவிடும். என் வீட்டுக்காரர் கையெழுத்துப் போடுவதில் நஷ்டமில்லை. எங்களுக்கு எழுதினால்தானே இழப்பதற்கு?

மாமா தன் கையாலேயே எழுதினார். கையெழுத்துப் போடும் இடம் மட்டும் தெரியும்படி தாளை மடித்து வைத்தார். சாட்சிகள் படிக்க வேண்டிய அவசியமும் இல்லை. அண்ணனும் தம்பியும் ஒருவர் பின் ஒருவராகக் கையெழுத்துப் போட்டார்கள். எல்லோருக்கும் நான் டீ கொடுத்தேன். மாமா என்னைப் பார்த்துச் சிரித்தார். சின்னவனுக்கு எழுதிவிட்டுக் கூச்சத்தில் சிரிக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

அதோடு நின்றிருக்கும். ஆனால் அண்ணாச்சி மகள் உமா மகேஸ்வரி, மெயின்லாண்டில் சட்டம் படிப்பவள், லீவுக்குக் கப்பலில் வருவதாகச் சேதி வந்தது.

"அந்தப் புள்ளகிட்ட உயில ஒருதரம் காட்டிருவோம், மக்ளே. படிச்ச புள்ள" என்றார் மாமா.

படித்த பிள்ளை முதல் பார்வையிலேயே சாட்சிகளின் பெயரைப் பிடித்துவிடும். மாமா வேறு உயில் எழுதுவார். அன்றிலிருந்து கருவாட்டை ஊறவைப்பதை நிறுத்தினேன். அவ்வளவுதான் நான் செய்தது.

காலையில் கஞ்சிக்குச் சாளை, மதியம் சீலா, ராத்திரி நெத்திலி. ஒரு தடவைகூட நான் வற்புறுத்தவில்லை, அவராகத்தான் கேட்டார். கால் வீங்கியபோது எண்ணெய் தேய்த்துவிட்டேன். மூச்சு வாங்கியபோது விசிறிவிட்டேன். "நீ சொகமா இருக்கணும், மக்ளே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை சகாயசெல்வி வந்து வீக்கத்தைப் பார்த்துப் பதறினாள். தண்ணீர் அதிகம் குடிக்கிறார் என்றேன். அது உண்மைதான், அவ்வளவு உப்புக்குத் தாகம் எடுக்காதா.

வானிலை சரியில்லாமல் கப்பல் தாமதமானது. அது என் செயல் அல்ல. அது வந்து சேருவதற்குள் மாமாவை அடக்கம் செய்துவிட்டோம். இதய நோயாளி, வயதும் ஆகிவிட்டது. யாரும் எதுவும் கேட்கவில்லை.

உமா மகேஸ்வரிதான் எல்லோர் முன்னிலையிலும் உயிலைப் படித்தாள்.

"என் வீடு முழுவதையும் மூத்த மருமகள் டயானாவுக்கு எழுதிவைக்கிறேன். மற்ற எல்லோரும் நான் சாகாமல் பார்த்துக்கொண்டார்கள். அவள் ஒருத்திதான் என் வாய்க்கு ருசியாகப் போட்டாள்."

அந்தப் பெண் தாளின் அடிப்பகுதியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஆனா அக்கா, சாட்சி உங்க வீட்டுக்காரர். உங்களுக்கு எழுதினது செல்லாது. வீடு பாதிப் பாதிதான். இந்த யோசனைய யாரு சொன்னா?"

எல்லோரும் அண்ணாச்சியைப் பார்த்தார்கள். அவர் சட்டைப் பையில் எதையோ தேடினார்.

நான் வாய்விட்டு அழுதேன். சகாயசெல்வி என்னைக் கட்டிக்கொண்டு, "மாமா மேல அக்காவுக்கு எம்புட்டுப் பாசம்" என்று தானும் அழுதாள். நான் அழுதது போன பாதி வீட்டுக்காக. மாமாவுக்காகவும் அழுதேன், பிறகு, கருவாட்டுச் சட்டியைத் தேய்க்கும்போது. அந்தச் சிரிப்பு எனக்கானது என்று தெரிந்திருந்தால் ஊறவைத்தே சுட்டிருப்பேன்.

இப்போது பின்பக்கப் பாதியில் டெர்வினும் சகாயசெல்வியும் இருக்கிறார்கள். பாக்கு மரங்கள் அவர்கள் பக்கம் போய்விட்டன. முன்பக்கப் பாதி என் வீட்டுக்காரர் பேரில் இருக்கிறது. போன வாரம் அவருக்கும் பிரஷர் அதிகம், உப்பைக் குறையுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். மனுஷனுக்கு அப்பாவின் நாக்கு. நேற்று மெதுவாகச் சமையலறைக்கு வந்து நின்றார்.

"டயானா, ஒரே ஒரு துண்டு கருவாடு."

கேட்டவர்களுக்கு இல்லை என்று சொல்லும் மனசு எனக்கு இல்லை. "முதல்ல உயில எழுதுங்க. இந்தத் தடவ சாட்சிக்கு நான் வெளியாளக் கூட்டிட்டு வாறேன்" என்றேன்.