டில்மனின் இடது குதிகால்

அன்று மைதானத்தில் யார் யார் இருந்தார்கள் என்று முதலில் கேட்டீர்கள். என்னையும் சேர்த்துப் பதினெட்டு அணிகளின் ஆட்கள். கழுத்தில் ஸ்டாப்வாட்ச், தலையில் தொப்பி, எல்லோரும் ஒரே அச்சு. அவர்களில் நீங்கள் பெயர் குறித்துக்கொள்ள வேண்டியது கிளீட்டஸ் மாக்ஸி ஒருவன்தான். இருபது வருஷமாக நான் தங்கும் மோட்டல்களிலேயே தங்கி, என் தப்புகளை எண்ணிக்கொண்டிருப்பவன். கல்லூரியின் கோச் ஓரன் ஹட்ஸ்பெத். பையன்களின் உடம்பைப் பார்த்துக்கொள்ளும் டிரெய்னர் பெர்னல் காட். பந்து வீச ஒரு பையன், அவன் பெயர் யாருக்கும் தேவைப்படவில்லை. ஓடிப் பிடிக்க ஜாவோரிஸ் டில்மன், ரிசீவர், இருபத்திரண்டு வயது. பிறகு நான், வேட் ப்ரூயிட். காற்று இல்லை. புல் காய்ந்திருந்தது. ஓடுவதற்கு நல்ல நாள்.

என் வேலை அமெரிக்கக் கால்பந்து அணி ஒன்றுக்கு ஆள் பார்ப்பது. ஏப்ரல் கடைசியில் தொழில்முறை அணிகள் வரிசையாகக் கல்லூரிப் பையன்களை எடுத்துக்கொள்ளும். ஏழு சுற்று. முதல் இரண்டு சுற்றில் பெயர் வந்தால் குடும்பமே வீடு மாறும். ஏழு சுற்றிலும் வராவிட்டால் இருக்கவே இருக்கிறது, மிசிசிப்பி முழுக்கக் கோழி ஆலை. அங்கே எனக்கு அனுபவம் உண்டு. கல்லூரியை இரண்டாம் வருஷத்தில் விட்டுவிட்டு, நான்கு வருஷம் இரவு ஷிப்டில் கோழிகளைக் கொக்கியில் மாட்டினேன். நான் ஓடியதைப் பார்க்க யாரும் வாட்ச்சோடு வந்து நிற்கவில்லை. அதைக் குறையாகச் சொல்லவில்லை.

நவம்பரில் டில்மனைப் பற்றி எழுதினேன். கால் மெலிசு, இரண்டு சீசன் தாங்கமாட்டான், எடுக்க வேண்டாம். மூன்றே வரி. என்ன பார்த்து எழுதினேன் என்று கேட்டால், ஓர் ஆட்டத்தின் முதல் பாதியைப் பார்த்தேன். பிறகு மழை வந்தது. காரில் போய் உட்கார்ந்துகொண்டேன். ஆனால் பார்த்த பாதியில் அவன் ஒரு பந்தை நழுவவிட்டுவிட்டுச் சிரித்தான். நழுவவிட்டுச் சிரிக்கிறவனைப் பற்றி இரண்டாம் பாதியில் தெரிந்துகொள்ள எதுவும் இருக்காது.

மற்ற அணிகள் எல்லாம் அவனை இரண்டாம் சுற்றில் வைத்திருந்தன. பிப்ரவரிக் கூட்டத்தில் எங்கள் புது மேலாளர் ஹாலண்டர் எழுந்து, பையன்களின் பெயர்களைத் தரவரிசையில் ஒட்டிவைக்கும் பலகைக்குப் போனார். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். கடைசி வரிசையில் இருந்த டில்மனின் பெயர்க் காந்தத்தைப் பெயர்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"வேட், ஊரே இவனத் தலையில தூக்கி வச்சுக்கிட்டு ஆடுது. உங்க கண்ணுக்கு மட்டும் நொண்டியாத் தெரியுறானா?"

"தாங்கமாட்டான்" என்றேன்.

"கண்ணாடிய மாத்திப் பாத்தீங்களா?" எல்லோரும் சிரித்தார்கள். அவர் காந்தத்தை மேலே இரண்டாம் வரிசையில் ஒட்டினார். "ஜூன்ல உங்க கான்ட்ராக்ட் முடியுதுல்ல? இவன் ஒருத்தன வச்சே முடிவு பண்ணிக்கலாம்."

அது நியாயமான பேச்சுதான். கணிக்கிறவனை அவன் கணிப்பை வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

மார்ச்சில், பையன்கள் எங்களுக்கு ஓடிக் காட்டும் அந்த நாளில், டில்மனின் கல்லூரிக்குப் போனேன். ஊருக்கு ஊர் ஒரு டிரெய்னரைப் பழக்கிவைத்துக்கொள்வது எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். பெர்னலுக்குப் பன்னிரண்டு வருஷமாக நான் காலைச் சாப்பாடு வாங்கித் தருகிறேன். அவன் சொல்வான், நான் அவன் பெயரை வெளியே விடமாட்டேன். அன்று காலையும் பிஸ்கட் ரொட்டியைக் கிரேவியில் தோய்த்துக்கொண்டே சொன்னான்.

"இது நமக்குள்ள இருக்கட்டும். பையனுக்கு இடது குதிகாலுக்கு மேல, அந்த நரம்பு வீங்கியிருக்கு. நேரா ஓடுனா ஒண்ணும் ஆகாது. வேகமாப் போய்ச் சடக்குனு நின்னாதான் வம்பு, அறுந்துடும். நாலே பந்து, அதோட விட்டுடுங்கன்னு கோச்கிட்டச் சொல்லி வச்சிருக்கேன்."

"எப்ப சரியாகும்?"

"மூணு வாரம் சும்மா கெடந்தாப் போதும். வெளிய சொல்லிடாத வேட். பெத்தவகிட்டக்கூட அவன் சொல்லல."

"நான் யார்கிட்டப் போய்ச் சொல்லப்போறேன்?"

சொல்லவும் இல்லை. நீங்கள் விசாரித்துப் பார்க்கலாம். சொல்வதைப் பற்றி யோசித்தேன், பயனில்லை என்று விட்டுவிட்டேன். மூன்று வாரத்தில் ஆறிவிடும் வீக்கத்துக்காக எந்த அணியும் ஒரு பையனைக் கைவிடாது. ஆறுகிற கால் எனக்கு உதவாது.

பத்து மணிக்கு நாற்பது கஜம் ஓடினான். என் வாட்ச்சில் நான்கு புள்ளி நான்கு ஒன்று விநாடி. நான் எழுதிய மூன்று வரி எப்படியோ மாக்ஸியின் காதுக்கு எட்டியிருந்தது. தன் வாட்ச்சை என் மூக்குக்கு நேரே நீட்டினான்.

"யோவ் வேட், உன் நொண்டி நாலு நாலுல வந்துட்டான்யா. பாவம், அவனுக்குன்னு சக்கர நாற்காலி கொண்டாந்திருப்பியே. நீயே உக்காந்து வீட்டுக்குப் போ."

பிறகு நான்கு பந்து. நான்கையும் பிடித்தான். ஹட்ஸ்பெத் கையைத் தட்டி, "முடிஞ்சுதுப்பா, எல்லாருக்கும் கை குடுத்துட்டு வா" என்றார்.

இந்த இடத்தில் எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். வந்திருக்கும் எந்த அணியின் ஆளும் கையைத் தூக்கி 'இன்னும் ஒன்று' என்று கேட்கலாம். மாட்டேன் என்று எந்தப் பையனும் சொல்வதில்லை. சொன்னால் பதினெட்டு நோட்டிலும் 'போட்டிக்குப் பயந்தவன்' என்று ஏறும், அதற்கு மருந்து கிடையாது. சொல்லாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. எவன் இன்னும் ஒன்று கேட்கிறானோ அவன் தன்னை எடுக்கப்போகிறான் என்று பையன்கள் நம்புகிறார்கள். பெரும்பாலும் அது உண்மையும்கூட.

நான் கையைத் தூக்கினேன்.

"வலது ஓரம். பதினஞ்சு கஜம் முழு வேகத்துல போயி, சட்டுனு நின்னு, வெளிக்கோட்டுப் பக்கமாத் திரும்பி வா."

வலது ஓரத்தில் அப்படி நிற்க வேண்டுமானால் இடது காலைத்தான் ஊன்ற வேண்டும். பெர்னல் என்னைப் பார்த்தான். அவன் வாயைத் திறந்தால் குதிகால் விஷயம் எல்லா அணிக்கும் தெரிந்துவிடும். மறைத்தார்கள் என்ற பேர் வீக்கத்தைவிட மோசம். அதனால் திறக்கமாட்டான் என்று எனக்குத் தெரியும்.

டில்மன் என்னிடம் ஓடி வந்தான். பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"நீங்க எந்த டீம் சார்?"

சொன்னேன்.

"அய்யோ, எங்க மாமா கல்யாணத்துக்கே உங்க டீம் ஜெர்சியப் போட்டுக்கிட்டுதான் போனாரு சார்."

முதல் முறை நன்றாக நின்றான். பந்தும் கையில். "இன்னொண்ணு" என்றேன். இரண்டாவது முறை நிற்கும்போது எடையை வலது காலுக்கு மாற்றிக்கொண்டான். கடுகளவு. வேறு யாரும் கவனிக்கவில்லை. நான் அந்தக் காலை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெர்னல் என் பக்கத்தில் வந்து, உதடு அசையாமல், "வேட், போதும்" என்றான்.

"இன்னும் ஒண்ணு தம்பி. இந்தத் தடவ வலது கால்ல நிக்காத. இடது கால நல்லா ஊணு."

"என்னய்யா வேணும் உனக்கு?" என்று ஹட்ஸ்பெத் கத்தினார்.

"நிக்கிறானான்னு பாக்கணும்."

"அட விடுங்க கோச், நான் ஓடுறேன்" என்றான் டில்மன்.

மூன்றாவது முறை, இயந்திரத்தில் பெல்ட் அறுவது போல ஒரு சத்தம் கேட்டது. விழுந்தவன் பந்தை விடவில்லை. தலையைத் திருப்பிப் பின்னால் பார்த்தான்.

"யாரு சார் என்ன ஒதச்சது?"

அவனுக்குப் பின்னால் பத்து கஜத்துக்கு யாரும் இல்லை. அந்த நரம்பு அறுந்தவர்கள் எல்லோரும் அதைத்தான் கேட்பார்கள். மாக்ஸி தொப்பியைக் கழற்றினான். மற்றவர்கள் வாட்ச்சைப் பைக்குள் போட்டுக்கொண்டு கார்களைப் பார்த்து நடந்தார்கள்.

பிந்தி நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏழு சுற்றிலும் அவன் பெயர் வரவில்லை. ஹாலண்டர் போன் செய்து, "நான் பேசுனதெல்லாம் மனசுல வச்சுக்காதீங்க வேட், உங்க கண்ணு கண்ணுதான்" என்றார். கான்ட்ராக்டை இரண்டு வருஷம் நீட்டினார். டில்மனுக்கு ஓடுவது இனி இல்லை, நடப்பதில் குறை இருக்காது என்று டாக்டர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன்.

அன்று எல்லோரும் போன பிறகு நான் சிகிச்சை அறைக்குப் போனேன். மற்ற பதினேழு பேரில் ஒருவன்கூடப் போகவில்லை, அதையும் குறித்துக்கொள்ளுங்கள். டில்மன் மேசையில் குப்புறப் படுத்திருந்தான். பெர்னல் அவன் கெண்டைக்காலை அழுத்திப் பார்த்தான். நரம்பு அறாமல் இருந்தால் பாதம் அசையும். அசையவில்லை. திரும்பவும் அழுத்தினான்.

டில்மன் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். "சார், கடைசி பந்து கையிலதான் இருந்துச்சு. பாத்தீங்கல்ல?"

"பாத்தேன்."

"அப்ப கால் சரியானதும் என்ன எடுப்பீங்களா?"

பையன்களிடம் நான் பொய் சொல்வதில்லை. "நீ தாங்கமாட்டேன்னு நவம்பர்லயே எழுதிக் குடுத்துட்டேன் தம்பி" என்றேன்.

அவன் முகத்தை மேசையில் வைத்துக்கொண்டான். பெர்னல் நிமிர்ந்தான்.

"காலைல நான் சொன்னேன்ல? எது அறுக்கும்னு சொன்னேன்ல? தெரிஞ்சுதானே கேட்ட?"

"தெரிஞ்சுதான் கேட்டேன்."

"மூணு தடவ."

"ஒரு தடவயில அறுந்திருந்தா ஒண்ணோட விட்டிருப்பேன்."

அவன் அடிப்பான் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. சட்டையைப் பிடித்து நடைபாதைக்குத் தள்ளினான். எனக்குக் கோபம் வரவில்லை. அவன் மனிதர்களுக்கு வைத்தியம் பார்க்கிறவன், கணிப்பு என்றால் என்ன என்று அவனுக்குத் தெரியாது. நான் அந்தப் பையனைத் தொடவே இல்லை. அந்தக் காலை வந்திருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள், சரியாகப் பார்த்தவன் நான் ஒருவன்தான். அதைப் பொறுமையாக எடுத்துச் சொல்லலாம் என்று திரும்பினேன். அதற்குள் பெர்னல் கதவைச் சாத்தி உள்ளே பூட்டிக்கொண்டான்.